ஒரு பள்ளிக்கு ஒரே உரை

"ஸ்கூல்ல நாம ரெண்டு பேரும் சக ஆசிரியர்கள். அவ்வளவுதான்" என்றார் அவர்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்போ வீட்ல?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "வீட்ல... வீட்ல வேற."

"வேறன்னா?"

"அதை வீட்ல பாத்துக்கலாமே."

"சரி" என்றேன்.

எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் நடந்த பேச்சு இது. அன்று காலைதான் பழைய ஹெச்.எம். எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்து, உட்காரச் சொல்லாமலே பேசியிருந்தார். எங்களுக்கு முன்னால் அந்தப் பள்ளியில் ஒரு தம்பதி வேலை பார்த்திருக்கிறார்கள். அவர் வரலாறு, அந்தம்மா வேதியியல். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் வீட்டுச் சண்டை தொடர்ந்தது. வரலாறு பழசையெல்லாம் கிளறியது, வேதியியல் பொங்கியது, நடுவில் மீன் தொட்டி உடைந்தது. மீன்கள் ஹெச்.எம்.மின் சொந்த மீன்கள். "குடும்பத்தைக் கேட்டுக்கு வெளிய விட்டுட்டு உள்ள வரணும். முடியுமா?" என்று கேட்டார். என் வருங்காலக் கணவர் எனக்கும் சேர்த்து "முடியும் சார்" என்று சொல்லிவிட்டார்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு விஷயத்துக்கு அவர் தலையாட்டிவிட்டால், அதற்குப் பிறகு அந்தத் தலை வேறு பக்கம் ஆடாது. எட்டு மணிக்கு மேல் மிக்ஸி போட்டால் தூக்கம் கெடுகிறது என்று எதிர்வீட்டுக்காரர் எப்போதோ ஒரு தடவை சொன்னார். அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போயே பல வருடங்கள் ஆகின்றன. அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் மத்தளம் வாசித்தாலும் கேட்க ஆளில்லை. எங்கள் வீட்டில் மட்டும் இன்றைக்கும் எட்டு மணிக்கு மேல் மிக்ஸி ஓடாது.

பழைய ஹெச்.எம்.மும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய மீன்கள் என்ன ஆயின என்று தெரியாது. அவருடைய சட்டம் மட்டும் எங்களோடு நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது.

காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் கிளம்புவோம். பள்ளிக்கு முந்தின தெருமுனையில், ஜெராக்ஸ் கடை வாசலில் என்னை இறக்கிவிட்டுவிட்டு அவர் போய்விடுவார். நான் நடந்து வருவேன். மழை பெய்தால் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் நனைந்துகொண்டே போவார். அன்புக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்டுக்குள் நுழைந்ததும், தலையில் தண்ணீர் சொட்ட, "குட் மார்னிங் மேடம்" என்பார். "குட் மார்னிங் சார்" என்பேன், அவர் குடையை மடக்கியபடி.

எங்கள் மகள் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கேட்டுக்கு உள்ளே அவர் அவளுக்குச் சார், வெளியே அப்பா. ஒருநாள் வீட்டில் செல்போன் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தவள் வாய் தவறி "சார், பிளீஸ் சார்" என்றுவிட்டாள். அவர் மறு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு வாய் அடிக்கடி தவறுகிறது.

பள்ளியில் குடும்பம் கூடாது என்றால் வீட்டில் பள்ளியும் கூடாது என்பது அவராகச் சேர்த்துக்கொண்ட உபவிதி. நியாயம் என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டுமாம். அதனால் அவர் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் என்ன செய்கிறார் என்பது எனக்கும், நான் உயிரியல் வகுப்பில் என்ன செய்கிறேன் என்பது அவருக்கும், மற்ற ஆசிரியர்களுக்குத் தெரிகிற அளவுதான் தெரியும். சில சமயம் அதைவிடக் குறைவாக.

எனக்கு இதிலெல்லாம் பெரிய வருத்தம் கிடையாது. ஒரே ஓர் ஆசைதான் உண்டு. மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். ஸ்டாஃப் ரூமில் ஒரு நீள மேஜை. ஜன்னல் கோடியில் நான், பிளக் பாயிண்ட் இருக்கும் மறு கோடியில் அவரும் அவருடைய லேப்டாப்பும், பக்கத்து நாற்காலியில் லேப்டாப் பையும். கையைப் பிடிக்க வேண்டாம், சிரிக்கக்கூட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். பீன்ஸில் உப்பு கம்மி என்று அங்கேயே சொன்னால் இன்னும் நல்லது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்லி என்ன பிரயோஜனம்?

"வாயைத் திறந்து கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்று யாருக்கும் தோன்றும். கேட்டால் செய்துவிடுவார். அதுதான் சங்கடம். மிக்ஸி மாதிரி அதுவும் ஒரு சட்டமாகிவிடும். நான் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். அவராக வர வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. வீம்புக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. ஒருவேளை இந்த ஏற்பாடு அவருக்குப் பிடித்திருந்தால்? பகல் பொழுதாவது மனைவி என்று ஒருத்தி இல்லாமல் நிம்மதியாகக் கழிகிறது என்று நினைத்தால்? கேட்டுவிட்டு அவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதைவிடக் கேட்காமலே இருப்பது நல்லதல்லவா? இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

இந்த வருட நடுவில் ஓவிய ஆசிரியை ஒருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். கலகலப்பான பெண். வந்த அன்றே என் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, அந்தக் கோடியில இருக்காரே, கம்ப்யூட்டர் சார். யார்கூடயும் பேச மாட்டாரா?"

"பேசுவார். தேவைன்னா."

"பாவமா இருக்குக்கா. தனியா உக்காந்து ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே சாப்பிடறார். கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"வீட்ல அந்தம்மா சரியில்லையோ?"

"பரவாயில்லன்னுதான் கேள்வி."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாப்பேன் அடிக்கடி. இப்போ கொஞ்சம் குண்டாயிட்டா."

ஓவிய ஆசிரியைக்கு நிறமும் உருவமும் சட்டென்று பிடிபடும். இரண்டாவது வாரமே என் டப்பாவையும் மேஜையின் மறு கோடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, நேத்தும் ரெண்டு பேருக்கும் பீன்ஸ். இன்னிக்கும் ரெண்டு பேருக்கும் உருளைக்கிழங்கு. ஒரே இடத்துலேருந்தா சாப்பாடு வருது?"

"ஆமா. ஒரே சமையல்தான்."

"நல்லா இருக்கே. எனக்கும் சொல்லிவிடுங்களேன்."

"அந்தம்மா புதுசா ஆள் எடுக்கறதில்ல."

பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாரோ அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, "இது அவர் இடம்தானே? நான் வேற பக்கம் போயிடறேன்கா" என்றாள்.

"உக்காரும்மா. சேர் காலியா இருந்தா மட்டும் வந்துடப் போறாரா?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள்தான் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாநாட்டுச் செய்தி வந்தது. இப்போதைய ஹெச்.எம். எதையும் தன் செல்போனிலிருந்தே படிப்பவர். ஸ்டாஃப் மீட்டிங்கில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். "பள்ளிகளில் டிஜிட்டல் கற்றல் பற்றிய மாநாடு. ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறை அனுபவத்தை உரையாக வழங்கலாம். என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் முன்மொழிவு எழுதி நேரடியாக அனுப்பவும்."

"மாநாட்டுல சாப்பாடு உண்டா மேடம்?" என்று கேட்டார் பி.டி. சார்.

"ரெண்டு வேளைன்னு போட்டிருக்கு."

"தனியா எழுதணுமா, சேர்ந்து எழுதலாமா?" என்று கேட்டது என் கணவர்.

"அது ஒண்ணும் போட்ட மாதிரி தெரியல சார். கீழ இன்னும் நிறைய இருக்கு, நீங்களே படிச்சுக்கங்க" என்று செல்போனை அணைத்துவிட்டார். அந்த 'கீழே'யை யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

எனக்கு மாநாட்டு ஆசையெல்லாம் அன்றைக்கு இல்லை. அடுத்த வாரம் ஒரு மெயில் வந்தது. 'மதிப்பிற்குரிய மேடம், தாங்கள் ஆய்வகத்திலிருந்து பெற்ற டேப்லெட் கணினிகள், தங்கள் வகுப்பில் பாதி நேரம் அணைந்திருந்ததாகத் தெரிகிறது. இது தொடர்ந்து நடக்கிறது. காரணம் தெரிவிக்கவும். இப்படிக்கு, ஆய்வகப் பொறுப்பாளர்.'

அன்று காலை அந்த ஆய்வகப் பொறுப்பாளருக்குத்தான் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்திருந்தேன்.

டேப்களை நான் அணைத்துத்தான் வைப்பேன். அதற்குக் காரணமும் உண்டு. இலையைப் பற்றிய பாடம் என்றால் டேப்பில் அருமையான படம் வரும். நரம்பு நரம்பாகப் பெரிதாக்கிக் காட்டும். பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டே பார்ப்பார்கள். முடிந்ததும் 'இலையின் அடிப்பக்கம் எப்படி இருந்தது' என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதனால் முதலில் டேப்பைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிடுவேன். ஆளுக்கோர் இலை கையில். தடவு, மோந்து பார், வரை, உனக்கு என்ன புரியவில்லை என்று கேள். கேள்வி வந்த பிறகுதான் டேப்பைத் திருப்ப வேண்டும். அப்போது அவர்கள் படம் பார்க்க மாட்டார்கள், தேடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதுகைப் பார்த்தாலே தெரியும். தேடுகிற பிள்ளையின் முதுகு வளைந்திருக்கும்.

இதையெல்லாம் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயம். ஆனால் இது பள்ளி விஷயம். பள்ளியில் போய்ச் சொல்லலாம் என்றால் எனக்குக் கோபம். 'அணைத்துவைத்தேன்' என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன். மிச்சத்தையெல்லாம் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி மாநாட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

'எங்கள் பள்ளியின் கருவிப் பொறுப்பாளர், கருவி அணைந்திருக்கும் நேரத்தை வீணான நேரமாகக் கருதுகிறார். பிள்ளையின் கண் திறந்திருக்கும் நேரத்தை அவர் பார்ப்பதில்லை' என்று அதில் ஓரிடத்தில் எழுதியிருந்தேன். எழுதி முடித்ததும் ரொம்பத் திருப்தியாக இருந்தது. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பக்கத்து அறையில் பொறுப்பாளர் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார்.

மாதம் ஒன்று போயிருக்கும். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் செல்போனும் அவர் செல்போனும் ஒரே நேரத்தில் ஒலித்தன. இருவரும் எடுத்துப் பார்த்தோம். 'உங்கள் முன்மொழிவு பரிசீலிக்கப்பட்டது. உங்கள் பள்ளியிலிருந்து இன்னோர் ஆசிரியரும் அனுப்பியிருப்பதால், சனிக்கிழமை காலை வீடியோ அழைப்பில் இருவரோடும் பேச வேண்டும்.'

நிமிர்ந்தேன். அவரும் நிமிர்ந்தார்.

"என்ன?" என்றேன்.

"ஸ்கூல் விஷயம்" என்றார். "உனக்கு?"

"எனக்கும் ஸ்கூல் விஷயம்தான்."

"ஓ."

"ம்."

நாங்கள் இருவரும் படித்தவர்கள். அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. புரிந்தது என்று சொல்லத்தான் இடமில்லை. அவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். மகள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சாப்பிடு."

சனிக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறுப்பாளரைப் பற்றிய அந்த வாக்கியம்தான் காரணம். ஊர் பெயர் தெரியாத யாரோ படிக்கப் போகிறார்கள் என்று எழுதியது. அவர் காதில் விழப்போகிறது. முன்னாலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றால், எங்கே வைத்துச் சொல்வது? ஜெராக்ஸ் கடை வாசல் வீட்டில் சேர்த்தியா பள்ளியில் சேர்த்தியா என்றுகூட யோசித்தேன். அவர் என்ன எழுதியிருப்பார் என்று வேறு கவலை. மனிதர் அந்த நாட்களில் வழக்கத்துக்கு மேல் அடக்கமாக இருந்தார். சொல்லாமலே காய்கறி நறுக்கினார், நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்த அலமாரிக் கதவைச் சரி செய்தார். குற்றமுள்ள நெஞ்சு நறுக்கிய பீன்ஸ் ஒரே சீராக இருந்தது.

சனிக்கிழமை காலை, "எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு. பெட்ரூம்ல உக்காந்துக்கறேன்" என்றார்.

"எனக்கும் இருக்கு. நான் இங்கயே டைனிங் டேபிள்ல உக்காந்துக்கறேன்."

"சரி மேடம்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது போலிருக்கிறது. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

டேப்பைத் தண்ணீர் ஜாடிமேல் சாய்த்து வைத்தேன். திரையில் முதலில் மாநாட்டு ஒருங்கிணைப்பாளர் அம்மா வந்தார். நரைத்த கிராப்புத் தலை, கையில் தேநீர்க் கோப்பை. அடுத்த கட்டத்தில் என் கணவர் வந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் வீட்டுப் பீரோ.

"ரெண்டு பேருக்கும் வணக்கம். ஒரே ஸ்கூல், ஒருத்தரை ஒருத்தர் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

"தெரியும்" என்றார் அவர். அந்தத் 'தெரியும்' முதலில் சுவர் வழியாக வந்தது, அப்புறம் டேப் வழியாக வந்தது.

"என்ன, எதிரொலி வருது?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"மேடம், நீங்க பேசாதபோது உங்க மைக்கை மியூட்ல போட்டுக்கங்க" என்று என் கணவர் எனக்குச் சொன்னார்.

"நன்றி சார்" என்றேன்.

ஒருங்கிணைப்பாளர் காகிதத்தைப் புரட்டினார். "மேடம், உங்க எழுத்து எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. முக்கியமா இந்த இடம்." சொல்லிவிட்டு, அந்த இடத்தையேதான் வாசித்தார். நிறுத்தி, நிதானமாக, நான் வாய்விட்டுப் படித்துப் பார்த்ததைவிட நன்றாக. "நல்ல சூடு. இந்தப் பொறுப்பாளர் யாரு, இன்னும் உங்க ஸ்கூல்லதான் இருக்காரா?"

நான் மேஜை விரிப்பைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அதே இருமல் டேப்பிலும் வந்தது.

"நான்தான்" என்றார் என் கணவர்.

"ஓ" என்றார் ஒருங்கிணைப்பாளர். கொஞ்சம் தேநீர் குடித்தார். "சரி. இப்போ சார் எழுதினது. தலைப்பு, 'அணைந்த கருவிகள்'. படிக்கறேன். 'எங்கள் பள்ளியில் ஆசிரியர் அ என்பவரின் வகுப்பில் டேப்கள் பாதி நேரம் அணைந்தே இருக்கின்றன. ஆனால் பள்ளி விட்ட பிறகு ஆய்வகத்துக்கு ஓடிவந்து இன்னும் தேடிப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் அவருடைய மாணவர்கள் மட்டுமே. அவரிடம் காரணம் கேட்டேன். அணைத்துவைத்தேன் என்று பதில் வந்தது. ஆகவே நான் கண்ணால் கண்டதையே எழுதுகிறேன். ஆய்வகத்து ஜன்னலிலிருந்து அவருடைய வகுப்பு நன்றாகத் தெரியும். இந்த வருட ஆரம்பத்திலிருந்தே பார்த்துவருகிறேன்.'"

ஒருங்கிணைப்பாளர் தலையைத் தூக்கினார். "இந்த ஆசிரியர் அ யாரு?"

மியூட்டை எடுத்தேன். "நான்தான்."

"சரிதான்" என்றார் அவர், நீண்ட காலம் ஆசிரியர்களோடு பழகிய பொறுமையுடன்.

ஆய்வகத்து ஜன்னலை நான் பத்தாயிரம் தடவை பார்த்திருப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரியாத ஜன்னல் அது. டேப் கணக்குக் கேட்டு மெயில் அனுப்பிய மனிதர் உண்மையாகவே காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரா? என் காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்த வயதில் இது தேவையா என்று தோன்றியது. தேவை என்றும் தோன்றியது.

அப்போது என் கணவருக்குப் பின்னால் பீரோ திறந்தது. எங்கள் மகள் அதற்குள் தலையை விட்டுத் துழாவி, ஸ்கெட்ச் பேனாப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். போனவள் நேராக டைனிங் டேபிள் பக்கம் வந்து என் முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

ஒருங்கிணைப்பாளர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு நிமிஷம். இந்தப் பொண்ணு இப்பதானே சார் வீட்ல இருந்தா?"

மகள் திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள். ஒரு கட்டத்தில் அப்பா, ஒரு கட்டத்தில் அம்மா, ஒரு கட்டத்தில் யாரோ ஒரு மிஸ். முறைப்படி வணக்கம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறந்தவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது இப்போ வீடா ஸ்கூலா?"

"தெரியல கண்ணு" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும்..." என்று இழுத்தார் ஒருங்கிணைப்பாளர்.

"கணவன் மனைவிங்க" என்றார் என் கணவர்.

"அப்போ எதுக்கு ரெண்டு ரூம்ல உக்காந்திருக்கீங்க?"

"இது ஸ்கூல் விஷயம் மேடம்" என்றார். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்பது போல.

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, விஷயத்துக்கு வரேன். ஒரு பள்ளிக்கு ஒரே உரைதான். கீழ தெளிவா போட்டிருக்கோம். நீங்க ரெண்டு பேரும் ஒரே வகுப்பைத்தான் எழுதியிருக்கீங்க, ஒருத்தர் உள்ளேருந்து, ஒருத்தர் வெளியேருந்து. சேத்து ஒரே மேடைல பேசினா அருமையா இருக்கும். இல்லன்னா யாராவது ஒருத்தர் விலகணும். நிகழ்ச்சி நிரல் இன்னிக்கே அச்சுக்குப் போகுது. என்ன சொல்றீங்க?"

ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில். நான் அதை மனதுக்குள் பார்த்து முடிப்பதற்குள் சுவர் பேசிவிட்டது.

"நான் விலகிக்கறேன் மேடம்."

டேப்பும் அதையே சொன்னது.

இதற்குப் பயந்துதான் இத்தனை வருடம் கேட்காமல் இருந்தேன். கேட்காமலே பதில் வந்துவிட்டது. ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக.

"ஏன் சார், நல்லாத்தானே எழுதியிருக்கீங்க?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"பாடம் எடுக்கறது அவங்க. நான் ஜன்னல்ல நின்னு பாத்தவன். எடுக்கறவங்க பேசும்போது பாத்தவன் எதுக்கு மேடம் நடுவுல?"

"அது மட்டும்தான் காரணமா?"

டேப்பில் என் கணவர் முகம் குனிந்திருந்தது. பொத்தான் தைத்த அதே சட்டை.

"அவங்களுக்குச் சங்கடமா இருக்கும் மேடம். கல்யாணத்துக்கு முன்னாடி நான்தான் ஸ்கூல்ல தனித்தனின்னு ஒரு பேச்சு பேசினேன். அவங்க உடனே சரின்னு சொல்லிட்டாங்க. அந்த ஹெச்.எம். ரிட்டையர் ஆன அன்னிக்கு, இனிமே வந்து பக்கத்துல உக்காருவாங்கன்னு நினைச்சேன். வரல. மேஜைல எனக்குப் பக்கத்துச் சேர்ல லேப்டாப் பையை வெச்சுத்தான் இடம் பிடிச்சு வெச்சிருப்பேன், வேற யாரும் உக்காந்துடக் கூடாதேன்னு. இவ்வளவு வருஷத்துல ஒருநாள்கூட அவங்க வரல. அவங்களுக்கு இப்படி இருக்கறதுதான் பிடிச்சிருக்குன்னா, மேடையில போய்ப் பக்கத்துல நின்னு எதுக்கு அவங்களைத் தொந்தரவு பண்ணணும்?"

மகள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பையை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம் என்று வைத்திருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன், மற்றவர்களும் நினைத்தார்கள்.

"மேடம்?" என்றார் ஒருங்கிணைப்பாளர் என்னிடம். "நீங்க சொல்லுங்க. சேந்து பேசறீங்களா, அவர் விலகட்டுமா?"

மியூட்டை எடுத்தேன். திரையைப் பார்க்காமல் சாத்தியிருந்த பெட்ரூம் கதவைப் பார்த்துப் பேசினேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

"என்னங்க, விலகவெல்லாம் வேண்டாம். எழுந்து இங்க வாங்க. வந்து எம் பக்கத்துல உக்காருங்க. திங்கக்கிழமை மதியமும் டப்பாவை எடுத்துக்கிட்டு வந்து எம் பக்கத்துல உக்காருங்க."